தீட்டும் தொற்றும்

தீட்டு என்னும் சொல்லைக் கேளாது வளர்ந்த தமிழர் மிகச் சிலரே. பிறந்த வீட்டிலும் இறந்த வீட்டிலும் அதனை நாட்கணக்காகக் காத்து வந்தோம். பிள்ளை பெற்றவளை ஒரு மூலையில் ஒதுக்கினோம். பிள்ளையை ஏந்தியெடுத்த மருத்துவச்சியை வாசற்படிக்கு வெளியே நிறுத்தி, அவள் கை நம் கையிற் படாதபடி கூலியை மேலிருந்து போட்டோம். ஆனால் தொப்புட்கொடியை அறுத்த கத்தி கொதிநீரில் இடப்பட்டதா என்று கேட்டவர் எத்தனை பேர்? தீட்டுக்கு அஞ்சிய அளவு தொற்றுக்கு நாம் அஞ்சினோமில்லை. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை உலகம் கற்ற வரலாற்றை, ஜொகூரில் தாதியர் தேர்வுக்குப் பயிலும் நம் பெண்களும், அவர்களைப் படிக்க வைக்கும் தோட்டத்துப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் மருத்துவ மாணவர் பயின்றனர். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற் பிரிவில் 4010 பிரசவங்களில் 459 தாய்மார் மாண்டனர். மருத்துவச்சிகளின் பிரிவிலோ 3754இல் 105 பேரே இறந்தனர். இவ்வேற்றுமை ஊரறிந்த செய்தியாயிற்று. முதற் பிரிவில் தம்மைச் சேர்க்க வேண்டாமென்று ஏழைப் பெண்கள் மண்டியிட்டு மன்றாடினர்.

காற்றின் கேடு என்றனர் சிலர். சாவுமணி ஒலிக்கும் பாதிரியாரைக் கண்ட அச்சம் என்றனர் வேறு சிலர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய வைத்தியருக்கு இவ்விடைகள் மனநிறைவு தரவில்லை. 1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் நண்பர் கொலெட்ச்கா, பிண ஆய்வின்போது ஒரு மாணவனின் கத்தி விரலிற் பட்டு, அக்காயத்தால் இறந்தார். அவருடைய உடலிற் கண்ட கேடுகளும் அத்தாய்மாரின் உடலிற் கண்டவையும் ஒன்றாயிருந்தன. மாணவர் பிணத்தை அறுத்த கையோடு பிரசவ அறைக்கு வந்தனர்; மருத்துவச்சிகளோ பிணத்தைத் தொடுவதில்லை. உண்மை விளங்கிற்று. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் எவரும் உள்ளே வரலாகாதென அவர் அவ்வாண்டு மே மாதத்திற் கட்டளையிட்டார். 1848இல் அதே முதற் பிரிவில் 3556 பிரசவங்களில் இறந்தவர் 45 பேரே.

இடையில் மற்றொரு பாடமும் கிடைத்தது. கருப்பையிற் புற்றுநோய் கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சோதித்த கைகள், சோப்பினால் மட்டும் கழுவப்பெற்று, அடுத்த படுக்கைகளுக்குச் சென்றன. அவளோடு அப்போது பிரசவித்த பன்னிருவரில் பதினொருவர் மாண்டனர். ஆதலின் பிணத்தைத் தொட்ட பின்பு மட்டுமன்றி, ஒவ்வொரு நோயாளிக்கும் இடையிலும் கை கழுவுதல் வேண்டுமென அவர் விதித்தார்.

உலகம் அவரைக் கொண்டாடியதா? இல்லை. தம் கையே கொன்றதென்பதை ஒப்புக்கொள்ளப் பெரியோர் பலர் மறுத்தனர். அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ், வைத்தியர்கள் கனவான்கள், கனவான்களின் கைகளோ தூயவை என்று வாதித்தார். பிறப்பினால் தூய்மை உண்டென்னும் நம் நாட்டு வாதத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? செம்மல்வைஸ் 1849இல் அம்மருத்துவமனைப் பதவியை இழந்து, 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் மனநோய் விடுதியில் மாண்டார். அதற்கு முந்திய நாளில்தான், கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் ஒரு சிறுவனின் உடைந்த காலுக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டுப் போட்டு, சீழில்லா அறுவை மருத்துவத்திற்கு வழி திறந்தார்.

நிற்க. இவ்வரலாற்றில் மலாயாவுக்கும் பங்குண்டு. 1879இல் பினாங்கிற் பிறந்த வைத்தியர் வூ லியன் தே, 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்குப் பரவிய கொள்ளைநோய் எலித்தெள்ளினால் அன்று, மனிதர் மூச்சினாலேயே பரவுகிறதென்று அவர் கூறி, பஞ்சும் மெல்லிய துணியும் கொண்ட முகக்கவசத்தை அணியச் செய்தார். அதனை ஏற்காத பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி, சில நாட்களில் அந்நோய்க்கே இரையானார்.

ஜொகூர் நீரிணைக்கு அக்கரையிலும் இப்பாடம் மீண்டும் நடந்தது. 2003இல் சிங்கப்பூரைச் சார்ஸ் நோய் தாக்கியது. நோய் இன்னதென்று தெரியுமுன்னரே அது மருத்துவமனைக்குள் புகுந்துவிட்டது. நோயுற்ற 238 பேரில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேர் மருத்துவப் பணியாளர். இறந்தவர் 33 பேர். 2020ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் மலேசியா அறிவித்த முதல் மூன்று கோவிட் நோயாளிகளும் சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் வழியாக வந்த பயணிகளே. நோய்க்குச் சுங்கச்சாவடியும் இல்லை; கடப்பிதழும் இல்லை.

இவற்றினின்று எழுந்த விதிகளையே நம் மாணவியர் இன்று பயில்கின்றனர். நோயாளியைத் தொடுமுன், தூய சிகிச்சை எதையும் தொடங்குமுன், உடல்நீர் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சூழ்ந்த பொருள்களைத் தொட்ட பின் என ஐந்து வேளைகளில் கைத்தூய்மை வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. சாராயக் கரைசலாயின் 20 முதல் 30 விநாடி. சோப்பும் நீருமாயின் 40 முதல் 60 விநாடி. கையிற் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தாலும், வித்து வடிவில் நிலைக்கும் வயிற்றுப்போக்குக் கிருமி உள்ள இடத்திலும் சோப்பும் நீருமே வேண்டும். கையுறை அணிந்தவர் கை கழுவ வேண்டா என்பது பெரும்பிழை. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடலாகாது. காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவை காற்றில் நெடுநேரம் மிதப்பவை. அவற்றிற்குத் தனியறையும் முகத்தோடு பொருந்தும் சிறப்புக் கவசமும் வேண்டும்.

இவ்விதிகளுள் தலையாயது யாதெனில், எல்லா நோயாளிக்கும் ஒரே காப்பு என்பதாம். எய்ட்ஸ் நோய் தோன்றிய 1980களில், அந்நோயாளிகளை மக்கள் தீண்டத்தகாதவராக ஒதுக்கிய வேளையில், இக்கொள்கை உருப்பெற்றது. எவர் உடலிலும் கிருமி இருக்கலாம். முகம் பார்த்தோ, குலம் கேட்டோ, தொழில் விசாரித்தோ அதனை அறிய இயலாது. ஆதலின் துரையின் இரத்தத்திற்கும் பால்வெட்டுத் தொழிலாளியின் இரத்தத்திற்கும் ஒரே கையுறை, ஒரே கவனம். இதனினும் தெளிந்த சமத்துவப் பாடம் எந்த நூலில் உண்டு?

தாதியர் வேலை இழிவென்று பெண்ணைத் தடுக்கும் பெற்றோர் இன்னும் ஆங்காங்கு உளர். வியன்னாவில் தாய்மாரின் உயிர் எந்தப் பிரிவில் நிலைத்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். தேர்வெழுதும் மகளிரோ இவ்விதிகளை மதிப்பெண்ணுக்காக மட்டும் மனனம் செய்தலாகாது. தேர்வாளர் பார்க்கும் நாள் ஒன்றே. எவரும் பாராத நள்ளிரவில், ஒரு படுக்கையினின்று அடுத்த படுக்கைக்குச் செல்லும் அந்த நாலடி தூரத்தில்தான் ஒரு தாயின் உயிர் நிற்கிறது.