சலூன் நாற்காலியில யார் பெரியவர்?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில முடி வெட்டிக்கப் போயிருந்தேன். வேளச்சேரியில ஒரு சின்ன சலூன். மூணு நாற்காலி, ஒரு பெஞ்சு, சத்தமா ஓடுற ஒரு டிவி. எனக்கு எப்பவும் கட்டிங் பண்றவருக்கு 55 வயசு இருக்கும். பக்கத்து நாற்காலியில வேலை செய்ற பையனுக்கு 20. எனக்கு 28.

அந்தப் பையன் என்னை "ப்ரோ"ன்னு கூப்பிடுவான். பெரியவர் என்னை "சார்"னு கூப்பிடுவார். எங்க அப்பாவைவிட அவருக்கு ரெண்டு, மூணு வயசுதான் கம்மி. அப்பா வயசுல இருக்கிற ஒருத்தர், மகன் வயசுல இருக்கிற என்னை "சார்"ங்கிறார். நான் அவரை "அண்ணா"ங்கிறேன். அவர் மகனுக்கும் என் வயசுதான், பேங்க்ல வேலை. அங்க போற கஸ்டமரை அந்த மகன் "சார்"னு கூப்பிட்டா அதுல எதுவும் உறுத்தாது. இங்க மட்டும் எனக்கு ஏன் உறுத்துது?

அந்த உறுத்தலுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

முதல்ல ஒரு நினைவு. எனக்கு 9 வயசு இருக்கும்போது, கோடை லீவுக்கு மன்னார்குடி பக்கம் தாத்தா ஊருக்குப் போவோம். கொஞ்சம் நிலபுலன் இருந்த குடும்பம். மாசத்துக்கு ரெண்டு தடவை ஒருத்தர் தாத்தாவுக்குச் சவரம் பண்ண வருவார். 60 வயசு, நரைச்ச தலை. கையில அடைப்பம், அதாவது கத்தி, கத்தரி, தீட்டுக்கல், படிகாரம் எல்லாம் இருக்கிற பை. வாசல் வழியா வரமாட்டார். கொல்லைப்புறமா வந்து நிற்பார்.

ஒரு நாள் அவரைப் பார்த்துட்டு நான் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன்: "தாத்தா, அவன் வந்துட்டான்."

யாரும் என்னைத் திருத்தலை. அதே லீவுலதான், என்னைவிட நாலு வயசு பெரிய பெரியப்பா மகனை "அவன்"னு சொன்னதுக்கு பாட்டிகிட்ட திட்டு வாங்கினேன். "மூத்தவனை அப்படிச் சொல்லலாமா?"ன்னாங்க. நாலு வயசு வித்தியாசத்துக்கு மரியாதை உண்டு, ஐம்பது வயசு வித்தியாசத்துக்கு இல்லை. அந்தப் பெரியவர் என்னைக் கூப்பிட்டது எப்படித் தெரியுமா? "வாங்க தம்பி."

இதை நம்ம பாஷையில, அதாவது கோடிங் பாஷையில சொல்றேன். தமிழ்ல "வா", "வாங்க" ரெண்டுல எதைச் சொல்லணும்ங்கிறதை ஒரு இஃப்-எல்ஸ்னு வெச்சுக்கோங்க. வயசுதான் அதை முடிவு பண்ணுதுன்னு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆனா கோடைத் திறந்து பார்த்தா முதல் கண்டிஷன் வயசு இல்லை, சாதி. அந்தக் கண்டிஷன்லயே முடிவு ஆயிட்டா, வயசு இருக்கிற லைனுக்கு கண்ட்ரோல் போறதே இல்லை.

இந்த கோடு எப்படி எழுதப்பட்டது? பழைய கிராம அமைப்புல முடி வெட்டுறவருக்குத் தலைக்கு இவ்வளவுன்னு காசு கிடையாது. வருஷம் முழுக்க ஊருக்கு வேலை செய்யணும், அறுவடை சமயத்துல களத்துமேட்டுல ஒரு பங்கு நெல் கிடைக்கும். செங்கல்பட்டுப் பகுதி மிராசு முறையைப் பத்தின ஆங்கிலேயர் கால ஆவணங்கள்ல, ஊர் வேலை செய்றவங்களுக்குக் களத்துல ஒதுக்கின இந்த மாதிரிப் பங்குகளுக்கு என்ன பேர் தெரியுமா? "சுதந்திரம்". உரிமைப் பங்குங்கிற அர்த்தத்துல. ஆனா, "இந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன்"னு சொல்ற சுதந்திரம் மட்டும் அதை வாங்கினவருக்கு இல்லை.

இன்னொரு பக்கம், அந்த ஊர்ல ஒரு மனுஷனோட ஒவ்வொரு வயசுலயும் அவர்தான் கூட இருந்தார். குழந்தைக்கு முதல் மொட்டை, மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சவரம், அப்பா செத்தா மகனுக்கு மொட்டை, எல்லாத்துக்கும் அவர் வரணும். இதெல்லாத்துக்கும் முன்னாடி, பிரசவம். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பத்தின ஏழு தொகுதிகள் இருக்கு. அதுல முதல் தொகுதியிலேயே இந்தச் சமூகத்தைப் பத்தி வருது. ஆண்கள் முடி வெட்டுறதோட வைத்தியமும் பார்த்தாங்க, பெண்கள் பிரசவம் பார்த்தாங்கன்னு எழுதியிருக்கார். பரியாரி, மருத்துவன், பண்டிதன் எல்லாம் அவங்களோட பட்டப்பெயர்கள். பிரசவம் பார்த்த அம்மாவுக்கு "மருத்துவச்சி"ன்னு பேர் வந்ததும் சும்மா இல்லை.

அப்போ வைத்தியர்ங்கிற அடையாளம் எங்க போச்சு? 1914-ல் மதராஸ் மாகாணத்துல மருத்துவப் பதிவுச் சட்டம் வந்துது. அங்கீகாரம் பெற்ற படிப்பு படிச்சவங்கதான் பதிவு பண்ண முடியும். 1926-ல் செவிலியர், மருத்துவச்சிகளுக்கான சட்டம் வந்துது. பயிற்சியும் சுத்தமும் அவசியம்தான், பிரசவத்துல செத்துப்போன பெண்கள் ஏராளம். ஆனா தலைமுறை தலைமுறையா பிரசவம் பார்த்த ஒரு 60 வயசு அம்மாவோட அனுபவத்துக்கு, காகிதத்துல எந்த மதிப்பும் இல்லாமப் போச்சு. வைத்தியம் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. கத்தியும் கத்தரியும் மட்டும் இவங்ககிட்ட மிச்சம்.

இதை அவங்க சும்மா பார்த்துக்கிட்டு இருக்கலை. எஸ். எஸ். ஆனந்தம் பண்டிதர்னு ஒரு சித்த மருத்துவர். சுயமரியாதை இயக்கத்தோட தொடர்புல இருந்தவர். "மருத்துவன்"ங்கிற பேர்லயே ஒரு பத்திரிகை நடத்தினார். எங்களைக் கேவலமான பேர்ல கூப்பிடாதீங்க, நாங்க மருத்துவர்னு வாதாடினவர். 1929-ல் செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுல, பேருக்குப் பின்னாடி இருக்கிற சாதிப் பட்டத்தை விட்டுடணும்னு தீர்மானம் போட்டாங்கன்னு நமக்குத் தெரியும். பட்டத்தைப் பெருமையாப் போட்டுக்கிட்டவங்களுக்கு அது தேவைப்பட்ட தீர்மானம். இவங்களோட பிரச்சினை தலைகீழ். இவங்க கேட்டது கூப்பிடுறதுக்கு மரியாதையான ஒரு பேர்.

அடுத்து கடை வருது. வீடு வீடாப் போனவர், ஒரு இடத்துல கடை போட்டு உட்கார்ந்தார். சின்ன மாற்றம்னு தோணும். யோசிச்சுப் பாருங்க. இதுவரைக்கும் அவர் கொல்லைப்புறத்துல காத்திருந்தார். இப்போ நீங்க அவர் கடைக்குப் போய் பெஞ்சுல காத்திருக்கணும். முதல்ல வந்தவருக்கு முதல் கட்டிங். பண்ணையாராவது, பள்ளிக்கூடப் பையனாவது, க்யூன்னா க்யூதான். பெஞ்சுல பேப்பர் கிடக்கும். திராவிட இயக்கப் பத்திரிகைகளை எத்தனையோ பேர் முதல்முதலாப் படிச்சது டீக்கடையிலயும் சலூன்லயும்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற சின்னப் பையன் சத்தமா வாசிக்க, பெரியவங்க கேட்ட இடம் அது.

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச இன்னொரு விஷயம், அந்தப் பலகை. குழந்தைங்க தலை எட்டாதுன்னு நாற்காலியோட ரெண்டு கைப்பிடி மேலயும் ஒரு பலகையைப் போட்டு உட்கார வைப்பாங்க. "பலகை வேணாம்"னு அவர் சொன்ன நாள்தான் நான் பெரிய பையன் ஆன நாள். அப்பவும் எப்படி வெட்டணும்னு முடிவு பண்ணது நான் இல்லை. அப்பா வாசல்ல நின்னு "நல்லா ஒட்ட வெட்டுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார்.

ஆனா கடை வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல வரலை. நிறைய ஊர்ல தலித்துகளுக்கு அந்த நாற்காலி கிடைக்கலை. ஆதிக்க சாதிக்காரங்க மிரட்டினதாலயும் நடந்துது, கடைக்காரரே தன்னை ஒரு படி மேலன்னு நினைச்சதாலயும் நடந்துது. 1955-லேயே தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், சாதி பார்த்து சேவையை மறுக்கிறது குற்றம்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறமும் "முடி வெட்ட மறுப்பு"ன்னு செய்தி வந்துக்கிட்டேதான் இருக்கு. மரியாதை கிடைக்காதவர், தனக்குக் கீழன்னு சொல்லப்பட்டவருக்கு அதைக் கொடுக்க மறுக்கிறது இந்த வரலாற்றோட கசப்பான பகுதி.

இன்னொரு திருப்பம் 1986. இந்தியாவுல முதன்முதலா எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில. கண்டுபிடிச்சவங்க மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும். அதுக்கப்புறம் வந்த விழிப்புணர்வுல, தீட்டித் தீட்டி எல்லாருக்கும் ஒரே கத்திங்கிற பழக்கம் குறைஞ்சு, ஆளுக்கொரு புது பிளேடுன்னு ஆச்சு. நேத்து மீசை முளைச்ச காலேஜ் பையன், முப்பது வருஷம் கத்தி பிடிச்சவரைப் பார்த்து "புது பிளேடு போடுங்க"ன்னு சொல்ற காலம் வந்துது. அவன் கேட்டது சரிதான். ஆனா "போடு"ன்னு சொன்னானா, "போடுங்க"ன்னு சொன்னானாங்கிறது வேற விஷயம்.

இப்போ நம்ம காலம். 2000-ல் சென்னையில நேச்சுரல்ஸ் தொடங்குது. தொடர்ந்து ஏசி சலூன்கள், பயிற்சி நிலையங்கள், அப்பாயின்ட்மென்ட் புக் பண்ற ஆப். எந்தச் சாதியில பிறந்தவரும், வடகிழக்கு மாநிலங்கள்ல இருந்து வந்தவரும் சான்றிதழ் வாங்கிட்டு இந்த வேலைக்கு வரலாம்னு ஆச்சு. இது பெரிய விஷயம். பிறப்பால ஒட்டிக்கிட்ட தொழில், விரும்பினா செய்ற தொழிலா மாறுது. அங்க "சீனியர் ஸ்டைலிஸ்ட்"னு போட்டிருப்பாங்க, வயசு பார்த்தா 26 இருக்கும். சிரிக்க முடியலை. ஏன்னா என் ஐடி கார்டுலயும் "சீனியர் இன்ஜினியர்"னுதான் இருக்கு.

அந்த 26 வயசுக்காரரை 50 வயசு கஸ்டமர்கூட "வாங்க, போங்க"ன்னு பேசுறார். அதே கஸ்டமர், தெருமுனைக் கடையில இருக்கிற 55 வயசுக்காரரை "என்னப்பா"ங்கிறார். ரெண்டு பேர் கையிலயும் ஒரே கத்தரி. பழைய கோடுல சாதி இருந்த இடத்துல, இப்போ ஏசியும் யூனிஃபார்மும் வந்திருக்கு. சில சமயம் பழைய லைனே அப்படியே கமென்ட் பண்ணிக் கிடக்குது, டெலீட் ஆகலை.

2021-ல் வந்த "மண்டேலா" படம் பார்த்திருப்பீங்க. யோகி பாபு முடி வெட்டுறவரா வருவார். ஊர்ல யாருக்கும் அவர் பேர் தெரியாது, அவருக்கே தெரியாது. தபால் ஆபீஸ்ல கணக்கு தொடங்கப் போகும்போதுதான் ஒரு பேரே வைக்கிறாங்க. தியேட்டர்ல வர வேண்டிய படத்தை வீட்டுல டிவியில பார்த்து நல்லாச் சிரிச்சேன். இந்த எபிசோடுக்குக் குறிப்பு எடுக்கும்போதுதான் என் போனைப் பார்த்தேன். வேளச்சேரிக்காரர் நம்பரை "சலூன் அண்ணா"ன்னு சேவ் பண்ணி வெச்சிருக்கேன். ஆறு வருஷமா.

சரி, மன்னார்குடிக்காரர் பேராவது தெரியுமான்னு அம்மாவுக்கு போன் பண்ணேன். அம்மாவுக்கும் தெரியலை. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அவன் அம்மாதான்டா என் பிரசவத்தைப் பார்த்தது. எனக்கு முதல் தண்ணி ஊத்தினதும் அந்தக் கிழவிதான்னு உங்க பாட்டி சொல்லும்"னாங்க. எங்க அம்மாவை இந்த உலகத்துல முதல்ல கையில வாங்கினது அவரோட அம்மா. அந்த வீட்டுலதான் அவர் கொல்லைப்புறமா வந்து நின்னார், நான் "அவன் வந்துட்டான்"னு கத்தினேன்.

போன்ல கொஞ்சம் அமைதி. அப்புறம் அம்மாவே சொன்னாங்க: "அவர் இப்போ இருக்காரான்னு தெரியலையே. ஊர்ல யார்கிட்டயாவது விசாரிக்கிறேன்." ஒரே பேச்சுல "அவன்" "அவர்" ஆனதை அம்மா கவனிச்சாங்களான்னு நான் கேட்கலை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேளச்சேரி அண்ணாகிட்ட பேர் கேட்டேன். சொன்னார். போன்ல மாத்தி சேவ் பண்ணிட்டேன். "சார்னு கூப்பிட வேணாமே அண்ணா"ன்னும் சொன்னேன். "சரிங்க சார்"னு சொல்லிட்டு, தலையை லேசா இடது பக்கம் சாய்ச்சார். காதுகிட்ட மெஷின் ஓட ஆரம்பிச்சுது.

அடுத்த தடவை நீங்க போகும்போது, உங்க சலூன்ல யார் யாரை எப்படிக் கூப்பிடுறாங்கன்னு ஒரு நிமிஷம் கவனிங்க. நீங்களும் எப்படிக் கூப்பிடுறீங்கன்னு கவனிங்க. உங்களுக்கு முடி வெட்டுறவர் பேர் தெரியுமா? கேட்டுட்டு எனக்கு எழுதுங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் போயிடாதீங்க, கடை லீவு. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.