‘ஸ்வராஜ்யா’ வந்த வழி

பெங்களூர் நீலசந்திராவில் பழைய பேப்பர் எடுக்கும் குஜரிக் கடைகளில் ஆங்கிலப் பேப்பருக்கு எப்போதும் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. தாள் நல்ல தாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது யாருக்கும் பொருட்டில்லை. அப்படி ஒரு கடையில் சணல் கயிறு போட்டு வைத்திருந்த ஒரு கட்டுக்குள் 1960களின் ‘ஸ்வராஜ்யா’ வார இதழ்கள் கிடைத்தன. ரிச்மண்ட் டவுன் பக்கம் யாரோ வீட்டைக் காலி செய்தபோது வந்ததாம். “படமே இல்லாத புக்கு சார், யாரும் எடுக்க மாட்டாங்க” என்று கடைக்காரர் அதை எடைக்குத் தந்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். இதழைத் திறந்தால் எழுத்து, எழுத்து, மேலும் எழுத்து. முன்பக்கங்களில் ராஜாஜியின் ‘டியர் ரீடர்’ பத்தி. சோவியத் நாட்டைத் திட்டி ஒரு கட்டுரை, திட்டக் கமிஷனைத் திட்டி இன்னொன்று. ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் படித்த வலதுசாரி வீடுகளில் உலகம் எப்படித் தெரிந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இந்தப் பெயர் பத்திரிகையைவிட மூத்தது. ஆந்திர கேசரி தங்குதூரி பிரகாசம் 1920களின் தொடக்கத்தில் சென்னையில் ‘ஸ்வராஜ்யா’ என்று ஒரு நாளேடு தொடங்கினார். காங்கிரஸின் குரலாக இருந்து, பணமில்லாமல் நின்றது. அதில் வேலை பார்த்த காசா சுப்பாராவ் பிறகு பல பத்திரிகைகளைக் கடந்து, 1956இல் அதே பெயரில் வாரப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். பின்னால் நின்றவர் ராஜாஜி. பிற்பாடு அதை வெளியிட்டது ‘கல்கி’யை நடத்திய சதாசிவத்தின் பாரதன் பப்ளிகேஷன்ஸ். ஒரே நிறுவனத்திலிருந்து தமிழ் வீட்டுக்குக் ‘கல்கி’யும் ஓய்வுபெற்ற அதிகாரியின் வீட்டுக்கு ‘ஸ்வராஜ்யா’வும் போயின. ராஜாஜி இரண்டிலும் எழுதினார். ‘கல்கி’யில் அவர் கதை சொல்பவர், ‘ஸ்வராஜ்யா’வில் சண்டைக்காரர்.

வாரப் பத்திரிகை தொடங்கியபோது ராஜாஜிக்கு எழுபத்தெட்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்தாயிற்று, மத்திய உள்துறை அமைச்சராக இருந்தாயிற்று, சென்னை முதல்வர் பதவியை 1954இல் விட்டாயிற்று. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்து, ஓசூரில் பள்ளிக்கூடம், பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பட்டம் என்று வளர்ந்தவர். நீலசந்திராவின் மேற்கே ஓடுகிறதே ஓசூர் ரோடு, அதன் இரண்டு முனைகளிலும் அவர் படிப்பு நடந்தது.

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டதும், ராஜாஜி அதே ஆண்டு சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். ‘பர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம்’ என்ற வசவு நாடு முழுக்கப் பரவியது. 1962 தேர்தலில் மக்களவையில் 18 இடம், 1967இல் 44. பொருளாதாரத்தில் அந்தக் கட்சி சொன்னது பலருக்கும் தெரிந்த கதை. உலக விவகாரத்தில் அதன் பத்திரிகை சொன்னதுதான் இன்று மறந்துபோயிருக்கிறது. வலதுசாரி என்று தம்மை அழைத்துக்கொள்பவர்களே அதை மறந்திருப்பதுதான் வேடிக்கை.

அந்தப் பார்வையின் மையத்தில் இருந்தது சீனா. திபெத்தைச் சீனா விழுங்கி, 1959 மார்ச் கடைசியில் தலாய் லாமா இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தபோது, நேருவின் அணிசேராக் கொள்கை உடைந்த கேடயம் என்று இந்த முகாம் முடிவு கட்டிவிட்டது. 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை இறங்கியதும் ராஜாஜியும் சுதந்திரா கட்சித் தலைவர்களில் ஒருவரான மினு மசானியும் ஒளிவுமறைவில்லாமல் கேட்டார்கள்: மேற்கு நாடுகளோடு வெளிப்படையாகச் சேர்ந்துகொள். இரண்டு பக்கமும் கை குலுக்குகிறவனுக்கு ஆபத்தில் ஒருவனும் வரமாட்டான் என்பது அவர்கள் கணக்கு.

இதை மட்டும் பார்த்தால் வாஷிங்டனின் எடுபிடிகள் என்று தோன்றும். அன்றைய இடதுசாரிகள் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அதே ராஜாஜி, போருக்கு மூன்று வாரம் முன்பு, 1962 செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியின் எதிரே உட்கார்ந்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று வாதாடிக்கொண்டிருந்தார். காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழு அது, தார்வாட்டுக்காரரான ஆர்.ஆர். திவாகரும் பி. சிவராவும் கூடப் போனார்கள். 83 வயதில் அமெரிக்காவுக்கு அது அவரது முதல் பயணம். குறித்த நேரம் அரை மணிக்கும் குறைவு. பேச்சு அதைத் தாண்டி நீண்டது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிற்கும் படங்கள் கென்னடியின் மேஜைக்கு வந்தது அதற்கு 18 நாள் கழித்துத்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வளிமண்டலத்தில் அணுச்சோதனையைத் தடைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கும் இந்தச் சந்திப்புக்கும் முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். பனிப்போரில் அமெரிக்கா பக்கம் சேரச் சொன்ன ஒருவர், அதே அமெரிக்காவிடம் போய் நீ முதலில் ஆயுதத்தைக் கீழே போடு என்றும் சொன்னார் என்பதே எனக்குப் போதும். 1954லேயே ‘நியூயார்க் டைம்ஸ்’க்குக் கடிதம் எழுதி இதைத்தான் சொல்லியிருந்தார்.

பத்திரிகையின் கதையில் பெங்களூர் நுழைவது ஒரு வெள்ளைக்காரரால். பிலிப் ஸ்ப்ராட், லண்டனில் 1902இல் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சியைக் கட்டி எழுப்ப 1926 கடைசியில் அனுப்பப்பட்டார். 1929 மார்ச்சில் மீரட் சதி வழக்கில் கைது. சிறையில் படித்துப் படித்து அவருக்குக் கம்யூனிசம் கசந்துபோயிற்று. வெளியே வந்தவர் கல்யாணம் செய்துகொண்டது சிங்காரவேலர் குடும்பத்துப் பெண்ணை. சென்னையில் முதல் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரின் உறவுக்குள் வந்த மனிதர், பெங்களூரில் குடியேறி, ‘மைஸ்இந்தியா’ என்ற கம்யூனிச எதிர்ப்பு வாரப் பத்திரிகையின் ஆசிரியரானார்.

1952இல் அந்தப் பெங்களூர்ப் பத்திரிகையில் ஸ்ப்ராட் எழுதியதை இன்று யாராவது எழுதினால் வழக்குப் போடுவார்கள். காஷ்மீர் பள்ளத்தாக்கின்மேல் உரிமை கோருவதை இந்தியா விட்டுவிடலாம், படையைத் திரும்பப் பெறலாம், கொடுத்த கடனையும் தள்ளிவிடலாம், மதச்சார்பற்ற தனி நாடாக அது தன் வழியே நடந்து பார்க்கட்டும் என்றார். பிடிக்கிறதோ இல்லையோ, அது ஒரு வகை வலதுசாரிக் கணக்கு: வரவைவிடச் செலவு கூடும் கௌரவத்தைத் தூக்கிச் சுமக்காதே என்பது.

1964இல் ஸ்ப்ராட் பெங்களூரை விட்டுச் சென்னைக்குப் போய் ‘ஸ்வராஜ்யா’வின் ஆசிரியர் பொறுப்பேற்றார். அதே ஆண்டு ஏப்ரலில், சிறையிலிருந்த காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லாவை நேரு விடுதலை செய்தார். அப்துல்லா பாகிஸ்தானுக்குப் போகுமுன் சென்னைக்கு விமானமேறி ராஜாஜியைப் பார்த்தார். யாருக்கும் தோற்ற உணர்வு வராத ஒரு தீர்வைத் தேட வேண்டும் என்பதில் ராஜாஜி உறுதியாக இருந்தார். நேருவோடு வேறு எல்லாவற்றிலும் மோதியவர், இந்த ஒன்றில் அவர் கையைப் பலப்படுத்த முயன்றார். இன்னொரு வலதுசாரிக் கட்சியான ஜனசங்கம் கொதித்தது. மே 27 அன்று நேரு இறந்ததோடு அந்த முயற்சியும் முடிந்தது. 1942இல் முஸ்லிம் லீகோடு பேசித் தீர்க்கலாம் என்று சொல்லிக் காங்கிரஸை விட்டு வெளியேறிய அதே மனிதர்தான்; இருபது ஆண்டுக்குப் பிறகும் அவருக்கு அதே பிடிவாதம்.

1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்தது. நாமும் செய்ய வேண்டும் என்றது ஜனசங்கம். மசானியும் ராஜாஜியும் வேண்டாம் என்றார்கள். ஆக, அந்த நாளிலேயே இந்திய வலதுசாரி என்பது ஒரே வீடாக இருக்கவில்லை. ஒரு வீட்டின் பத்திரிகைதான் நீலசந்திராவில் எடைக்கு வந்தது.

ஸ்ப்ராட் 1971இல் சென்னையில் இறந்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் சுதந்திரா கட்சி 8 இடத்துக்குச் சுருங்கியது. 1972 கிறிஸ்துமஸ் அன்று ராஜாஜி போனார். 1974இல் கட்சி கலைந்து இன்னொன்றில் கரைந்தது. பத்திரிகை 1980வரை இழுத்துக்கொண்டு நின்றது. அது கேட்டுக்கொண்டிருந்த பொருளாதார மாற்றம் 1991இல், அது எதிர்த்த காங்கிரஸ் கையால் வந்தபோது, பாராட்டி எழுத அது உயிரோடு இல்லை.

இதற்குள் ஓசூர் ரோடு மாறிவிட்டது. எழுபதுகளின் இறுதியில் தொடங்கிய எலக்ட்ரானிக் சிட்டி, தொண்ணூறுகளுக்குப் பிறகு அந்த ரோட்டையே தன் வாசலாக்கிக்கொண்டது. பொம்மனஹள்ளிப் பக்கம் ஆயத்த ஆடை ஆலைகள் வரிசையாக எழும்பின. கன்டோன்மென்ட் காலத்துத் தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நியூ ஜெர்சி நேரத்துக்கு விழித்திருக்கிறார்கள். உலகச் சந்தை என்பது மசானி மக்களவையில் பேசிய தத்துவம் என்ற நிலை போய், வாசலில் வந்து நிற்கும் கம்பெனி வேன் ஆயிற்று.

2014 செப்டம்பரில் ‘ஸ்வராஜ்யா’ இணையத்தில் மீண்டும் வந்தது. 2015 ஜனவரியில் மாத இதழாக அச்சிலும் வந்தது. நடத்துவது கோவை மீடியா என்ற நிறுவனம். பழைய பெயரும் ராஜாஜியின் படமும் பெருமையோடு கூட வந்தன. சுமந்து வந்த சரக்கு வேறு. 1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகளை இன்றைய வலதுசாரி வாசகர் நாட்டின் தலைநிமிர்வாகக் காண்கிறார். ராஜாஜி அதைத் துக்கமாகக் கண்டிருப்பார். 2019 ஆகஸ்ட் 5 அன்று காஷ்மீருக்கான 370ஆவது பிரிவு செயலிழந்ததை இன்றைய வாசகர் கொண்டாடுகிறார். 1952இல் ஸ்ப்ராட் எழுதியதை இவரிடம் காட்டினால் தேசத்துரோகம் என்பார். அமெரிக்காவோடு முழுசாய்ச் சேர் என்பதும் போய்விட்டது.

இதைத் துரோகம் என்று சொல்வது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, முழுவதும் இல்லை. வல்லரசு இரண்டாக இருந்தபோது ஒன்றைத் தேர்ந்தெடு என்பது புத்தி. பல கைகள் முளைத்த உலகில் ஒன்றோடு மட்டும் கட்டிக்கொள்ளாதே என்பதும் புத்திதான். அது காலத்தைப் பார்த்து மாறிய கணக்கு. அணுகுண்டும் காஷ்மீரும் அப்படியல்ல. அங்கே மாறியது மனசு. விட்டுக்கொடுப்பதைப் பலவீனமாக நினைக்காத ஒரு பழமைவாதம் இருந்தது. அதன் படத்தை மாட்டிக்கொண்டவர்கள் அதை வாரிசுரிமையாகப் பெறவில்லை. படத்தை மாட்டும்போதே இதைச் சொல்லிவிட்டால் நாணயமாக இருக்கும்.

இன்றைய பார்வையின் முகமாக உலகம் பார்ப்பது இன்னொரு தமிழரை. எஸ். ஜெய்சங்கர் படித்த பள்ளிகளில் ஒன்று பெங்களூர் மிலிட்டரி ஸ்கூல். 1946இல் தொடங்கிய அந்தப் பள்ளி, ஓசூர் ரோட்டு ஓரம், நீலசந்திராவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. திருச்சியில் பிறந்த அவர் அப்பா கே. சுப்ரமணியம், இந்தியாவுக்கு அணுகுண்டு வேண்டும் என்று பல ஆண்டு வாதாடியவர். 1999இல் அணு ஆயுதக் கொள்கை வரைவை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர். தொரப்பள்ளிக்காரர் தோற்ற வழக்கில் திருச்சிக்காரர் ஜெயித்தார் என்று சொல்லலாம். மகன் 2019இல் வெளியுறவு அமைச்சரானார். 2020இல் ‘தி இந்தியா வே’ என்ற புத்தகம் எழுதினார். அமெரிக்காவோடு பேச வேண்டியதைப் பேசு, சீனாவைச் சமாளி, ரஷ்யாவை உறுதிப்படுத்து என்பது அதன் சாரம். நேருவின் கொள்கையைக் கடுமையாக விமர்சிக்கும் புத்தகம் அது. ஆனால் யார் பக்கமும் முழுதாகச் சாயாதே என்ற இடத்துக்கு வந்து சேரும்போது, ராஜாஜியைவிட நேருவுக்குத்தான் அது பக்கத்தில் நிற்கிறது. நேரு ஒழுக்கத்தின் பெயரால் சொன்னதை இவர் ஆதாயத்தின் பெயரால் சொல்கிறார்.

2025 ஆகஸ்ட் 27 முதல் பல இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமாக உயர்ந்தது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. சில நாள் கழித்துப் பிரதமர் சீனாவின் தியான்ஜினில் சீன அதிபர் ஷியோடும் ரஷ்ய அதிபர் புதினோடும் நின்றார். பொம்மனஹள்ளி ஆலைகளில் அப்போது பேச்சு ஆர்டரைப் பற்றியும் ஓவர்டைமைப் பற்றியும்தான். நான் வாங்கி வந்த கட்டுக்குள் இதற்கு எந்தத் தலையங்கமும் கிடையாது. சீனா படையெடுக்கும், சோவியத் ஏமாற்றும், டெல்லி அதிகாரி கோட்டா போடுவான் என்றெல்லாம் எழுதிக் குவித்தவர்கள் அவர்கள். எந்தச் சரக்கு எவ்வளவு வரலாம், யாரிடம் வாங்கலாம் என்று வாஷிங்டனே உத்தரவு போடும் பர்மிட் ராஜ்யத்தை மசானி கற்பனையில்கூட வைத்திருக்கவில்லை.