பலநீர்க்கட்டிச் சிறுநீரக நோய் ஆய்வு நிதிநல்கைகள்

பலநீர்க்கட்டிச் சிறுநீரக நோய் ஆய்வு நிதிநல்கைகள் என்பவை, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் இச்சிறுநீரக நோயின் காரணங்களையும் அதற்கான மருந்துகளையும் ஆராயும் அறிவியலாளர்களுக்கு அரசுகள், அறக்கட்டளைகள், மருந்து நிறுவனங்கள் ஆகியன வழங்கும் பண உதவிகள் ஆகும். இந்தியாவில் இத்துறை ஆய்வாளர்கள் பெரும்பாலும் எல்லா மருத்துவத் துறைகளுக்கும் பொதுவான போட்டித் திட்டங்கள் வழியாகவே நிதி பெறுகின்றனர்.

நோயும் ஆய்வுத் தேவையும்

இந்நோயில் இரு சிறுநீரகங்களிலும் நீர் நிறைந்த கட்டிகள் தோன்றிப் பல ஆண்டுகளாக மெல்ல வளர்கின்றன. இதன் பரவலான வகை ஆட்சியுடைய மரபணுவால் வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 60 வயதை ஒட்டிச் சிறுநீரகம் செயலிழக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் தர முன்வரும் உடன்பிறந்தாருக்கும் அதே நோய் இருக்கக்கூடும் என்பதால், கொடையாளியை உறவினருள் தேடுவதும் கடினமாகிறது.

பின்னடைவு மரபணுவால் வரும் அரிய வகை குழந்தைகளைத் தாக்குகிறது. பெற்றோர் இருவரும் அம்மரபணு மாற்றத்தைத் தாங்கியிருந்தால் மட்டுமே இது பிள்ளைக்கு வரும். ஆதலால் நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கமுள்ள சமூகங்களில் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டுக்கு இவ்வகை பற்றிய ஆய்வு முக்கியமானதாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

வரலாறு

ஆட்சியுடைய வகைக்குக் காரணமான முதல் மரபணு 16ஆம் நிறப்புரியில் இருப்பது 1985ல் அறியப்பட்டது. அம்மரபணு 1994லும், 4ஆம் நிறப்புரியில் உள்ள இரண்டாவது மரபணு 1996லும் கண்டறியப்பட்டன. பின்னடைவு வகைக்கான மரபணு 2002ல் கண்டறியப்பட்டது.

இந்நோய்க்கென்றே ஆய்வு நிதி திரட்டும் பி.கே.டி அறக்கட்டளை 1982ல் ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் நிறுவப்பட்டது. தொழிலதிபர் ஜோசப் புருனிங், சிறுநீரக மருத்துவர் ஜாரெட் கிராந்தம் ஆகியோர் இதன் நிறுவனர்கள். அந்நாட்டு அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் வழங்கிய நிதியில், 241 நோயாளிகளை ஆண்டுதோறும் காந்த அதிர்வுப் படம் (எம்.ஆர்.ஐ) எடுத்துப் பின்தொடரும் 'கிறிஸ்ப்' ஆய்வு 2001ல் தொடங்கியது. சிறுநீரகத்தின் மொத்தக் கனவளவு நோயின் போக்கை முன்னறிவிக்கும் என்பதை இவ்வாய்வு காட்டியது. இக்கனவளவை 2016ல் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நோய்க்குறியீடாக ஏற்றுக்கொண்டது.

கட்டிகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் டோல்வாப்டான் மருந்தின் சோதனைக்கு ஒட்சுகா நிறுவனம் நிதியளித்தது. 1,445 நோயாளிகள் பங்கேற்ற அச்சோதனையின் முடிவு 2012ல் வெளியானது. சப்பானில் 2014லும் ஐக்கிய அமெரிக்காவில் 2018லும் இம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

இந்தியாவில் நிதி வாயில்கள்

• இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்: 1911ல் இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் என்ற பெயரில் தொடங்கப்பட்டு 1949ல் இப்பெயர் பெற்றது. மருத்துவக் கல்லூரிகளில் பணிபுரிவோரும் இதன் புறநிலை ஆய்வுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.
• அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம்: 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. முன்பிருந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதனுடன் இணைக்கப்பட்டது. இளம் ஆய்வாளர்களுக்கெனத் தனி நிதிநல்கை உண்டு.
• உயிரித் தொழில்நுட்பவியல் துறை: 1986ல் தொடங்கப்பட்டது. மரபுவழி நோய்களைக் கண்டறியும் மையங்களுக்கு உதவும் 'உம்மீத்' திட்டத்தை 2019ல் தொடங்கியது.
• இந்தியக் கூட்டமைப்பு: உயிரித் தொழில்நுட்பவியல் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து நடத்துவது. மருத்துவர்களுக்கும் அடிப்படை அறிவியலாளர்களுக்கும் ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது.

மனிதரைக் கொண்டு நடத்தப்படும் எல்லா ஆய்வுகளுக்கும் நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதல் தேவை. மருந்துச் சோதனைகள் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். இது 2009 முதல் கட்டாயமாகும்.

வெளிநாட்டு நிதி

வெளிநாட்டு நிதியில் நடக்கும் நலவாழ்வு ஆய்வுகள் நடுவண் நலவாழ்வு அமைச்சின் பரிசீலனைக் குழு முன் வைக்கப்பட வேண்டும். தனியார் அறக்கட்டளை மருத்துவமனைகள் பணத்தை நேரடியாகப் பெற 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். ஐக்கிய அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், அந்நாட்டு ஆய்வகங்கள் வழியே பிறநாட்டுக் கூட்டாளிகளுக்குச் செல்லும் துணைநிதியைப் பழைய முறையில் இனிப் புதிதாக வழங்குவதில்லை என 2025 மே மாதம் அறிவித்தன.

சிகிச்சை நிதியும் ஆய்வு நிதியும்

இவ்விரண்டும் வேறானவை. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை, பலநீர்க்கட்டிச் சிறுநீரக நோயின் இரு வகைகளையும் சிறுநீரக மாற்றால் பயன்பெறும் நோய்களின் பிரிவில் சேர்த்துள்ளது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குருதிச் சுத்திகரிப்புக்கும் உறுப்பு மாற்றுக்கும் உதவுகிறது. 1993ல் சென்னையில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சிறுநீரக ஆராய்ச்சி அறக்கட்டளை (டாங்கர்) ஏழை நோயாளிகளின் குருதிச் சுத்திகரிப்புக்கு உதவிவருகிறது. இவை யாவும் சிறுநீரகம் செயலிழந்த பின்னர் உயிரைக் காப்பவை. செயலிழப்பைத் தள்ளிப்போடும் வழியைத் தேடுவது ஆய்வு நிதியின் பணியாகும்.

சிக்கல்கள்

நோயின் காலமும் நிதியின் காலமும் பொருந்தாமையே முதன்மைச் சிக்கல். கட்டிகள் வளரப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நிதிநல்கைகளோ பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முடிகின்றன. நிதி நின்றால் குடும்பங்களுடனான தொடர்பு அறுபடுகிறது. அதுவரை சேர்த்த தரவுகளின் பயனும் குறைகிறது. கிறிஸ்ப் ஆய்வு முதற்கட்டத்துடன் நில்லாமல் அடுத்தடுத்த கட்டங்களுக்கும் நிதி பெற்றமையால் அதே நோயாளிகளை நெடுங்காலம் பின்தொடர முடிந்தது.

தொலைவு மற்றொரு சிக்கல். தென்காசி மாவட்டத்தின் திருவேங்கடம் வட்டத்தில் வாழும் ஒரு கூலித்தொழிலாளர் குடும்பத்தில் மூன்று தலைமுறையினரைப் பின்தொடர வேண்டுமெனில், படம் எடுக்கும் வசதியுள்ள நகருக்கு அவர்களை ஆண்டுதோறும் அழைத்துவர வேண்டும். பயணச்செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதல்கள் இடமளிக்கின்றன. ஆனால் இத்தொகை விண்ணப்பத்தின் செலவுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். அங்கு விடுபட்டால் ஆய்வில் நகரவாசிகளே மிகுதியாக இடம்பெறுவர். அதன் முடிவுகளும் அவர்களையே சார்ந்திருக்கும்.

இவற்றையும் பார்க்க

• சிறுநீரகச் செயலிழப்பு
• குருதிச் சுத்திகரிப்பு
• உறுப்புக் கொடை
• மரபியல்