அரசரும் கொத்தனாரும் அமர்ந்த அவை

எந்த அறிவு எவருக்கு உரியது என்பது மனித குலத்தின் பழைய வினா. ஏடுகளைச் சிலர் கையில் மட்டும் வைத்து, அவை மற்றவர் செவியில் விழுவதையும் குற்றமென விதித்த நாடு நம் நாடு. ஆதலின், அறிவின் கதவை அனைவர்க்கும் திறந்து வைத்த ஒரு நிகழ்ச்சி எத்தேயத்தில் நடந்ததாயினும், அதை நாம் அறிந்திருத்தல் நன்று.

அலெக்சாண்டர் ஹம்போல்ட் 1769இல் பெர்லின் நகரில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். 1799 முதல் 1804 வரை அமெரிக்கக் கண்டத்தின் காடுகளிலும் மலைகளிலும் ஆய்வுப் பயணம் செய்தவர். நெடுங்காலம் பாரிஸில் வாழ்ந்து, 1827இல் பெர்லினுக்குத் திரும்பினார். அவ்வாண்டு நவம்பரில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் உலகின் இயற்கை அமைப்பைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகளைத் தொடங்கினார். 1828 ஏப்ரல் வரை அவர் நிகழ்த்திய உரைகள் 61. அக்காலத்து ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பல விரிவுரைகளுக்கு மாணவர் கட்டணம் செலுத்த வேண்டும். ஹம்போல்ட் ஒரு காசும் பெறவில்லை.

கூட்டம் பெருகவே, 1827 டிசம்பரில் சிங் அகாதெமி என்னும் இசைக் கழகத்தின் பெரிய மண்டபத்தில் பொதுமக்களுக்கெனத் தனியே 16 உரைகளைத் தொடங்கினார். அங்கும் கட்டணம் இல்லை. மன்னர் முதல் தலைமைக் கொத்தனார் வரை அந்த அவையில் அமர்ந்திருந்தனர் என்று பின்னாளில் பேசப்பட்டது. பெண்கள் பெருந்திரளாக வந்தனர். இசை வல்லுநர் ஃபானி மெண்டல்சோன் அவர்களுள் ஒருவர். விண்மீன்கள், வான்முகில்கள், கோள்கள், வால்மீன்கள் ஆகியவற்றையும், பின்னர் நிலம், கடல், காற்று, செடி கொடி, மனிதன் ஆகியவற்றையும் ஒரே ஒழுங்கில் இணைத்துக் காட்டினார். இவ்வுரைகளில் முளைத்ததே 1845 முதல் வெளிவந்த ‘காஸ்மாஸ்’ என்னும் அவரது பெருநூல்.

அந்நூலின் முதற்பகுதியில், மனித இனங்களுள் உயர்ந்தவை, தாழ்ந்தவை என்னும் பிரிவை அவர் மறுத்தார். அனைவரும் விடுதலைக்கு உரியவரே என்றார். அதற்கு முன்னரே, கியூபாவைப் பற்றிய தம் நூலில் அடிமை முறையைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். வானத்தை எல்லார்க்கும் பொதுவாகக் கண்டவர், மண்ணில் மனிதரைக் கூறுபோட இசையவில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. சிங் அகாதெமி மண்டபத்தில் இடம் பெற்ற பெண்கள், பல்கலைக்கழகத்தின் மாணவியராகப் பதிவு பெற முடியவில்லை. பிரஷ்ய நாடு அவ்வுரிமையை வழங்கியது 1908இல்தான். ஒரு பெரியவரின் நல்லெண்ணம் மண்டபத்தைத் திறந்தது; வகுப்பறையைத் திறக்கச் சட்டமும், எண்பது ஆண்டுக் காலமும், பலரது இடையறாத போராட்டமும் வேண்டியிருந்தன.

இவ்வெள்ளி விழாக் காலத்தில் நம் இளைஞர் இதனின்று கொள்ள வேண்டிய பாடங்கள் இரண்டு. பொது அவைகளில் அறிவுரைகள் நிகழுமிடமெல்லாம் தயங்காது முன் வரிசையில் சென்று அமருங்கள். வானநூல் நமக்கு எட்டாதது என்று எண்ணாதீர்கள். ஆனால், கேட்டு மகிழ்ந்ததோடு நின்றுவிடாதீர்கள். பதிவேட்டில் உங்கள் பெயரும், தேர்வுப் பட்டியலில் உங்கள் எண்ணும், ஆய்வுக்கூடத்தில் உங்கள் இருக்கையும் இடம்பெற வேண்டும். விருந்தினராக அமர்வது சிறப்பு. உரிமையுடையோராக அமர்வதே விடுதலை. அந்த இருக்கைக்கு நம் பிள்ளைகளை ஆயத்தம் செய்வதே நம் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகுக.