வாக்குத்தத்தம் யாருக்கு?

"அவுக சனிக்கிழமைக் கோயிலுக்குப் போற வேதக்காரக" என்று ஆச்சி சொன்னபோது, ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தாமிரபரணிக்குத் தெற்கே நாசரேத்தை ஒட்டியிருக்கிறது பிரகாசபுரம். ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் தலைமுறை தலைமுறையாக வந்து இயேசுவில் நிறைவேறியது என்றுதான் மிஷனரிகள் இங்கே போதித்தார்கள். அந்த மிஷனரிகளில் ஒருவரான கால்டுவெல்தான் 1849இல், பனையேறும் சாணார்கள் அறிவில் குறைந்தவர்கள், பேய் வணங்குகிறவர்கள், இலங்கையிலிருந்து குடியேறியவர்கள் என்று நூலெழுதினார்.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. உபதேசியார் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். 1857இல் ஏக இரட்சகர் சபையைத் தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள், யூதப் பண்டிகைகள், தூபம், சாஷ்டாங்க நமஸ்காரம். இதைச் சடங்குப் பித்து என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய ஏற்பாட்டை நாமே வாசிக்கலாம் என்றால் நடுவில் வெள்ளைக்காரன் எதுக்கு என்பதுதான் அவர் கேட்டது.

ஆனால் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். கால்டுவெல்லுக்கு அவர் தரப்பு சொன்ன பதில், நாங்கள் சத்திரியர் என்பது. சத்திரியன் என்றாலே கீழே ஒரு சாதி வேண்டுமே! வாக்குத்தத்தம் வம்சாவளியாகச் சுருங்கினால் அந்தக் கீழ்ச்சாதிக்காரனுக்கு அதில் என்ன பங்கு? ஆச்சியிடம் கேட்காமல் விட்டதை இப்போது நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.