ஒரு அதிபரை மிரள வைத்த ஆறு அசைவுகள்

1/ "பையன்னா பலம், பொண்ணுன்னா மென்மை"ன்னு சின்னக் குழந்தைகளைப் பார்த்தே சொல்லிடுறோம். உடம்பு அப்படித்தான் சொல்லுதா? பதில் தேட 70 வருடம் பின்னால், அமெரிக்காவுக்குப் போவோம் வாங்க.

2/ நியூயார்க்கில் ஹான்ஸ் க்ராஸ் என்று ஒரு டாக்டர். வியன்னாவில் படித்தவர், மலையேறுபவர். முதுகுவலியோடு வந்த பலருக்கு எலும்பில் கோளாறு இல்லை. வயிறு, முதுகு, இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள்தான் பலவீனமாகவும் இறுகியும் இருந்தன. டாக்டர் சோன்யா வெபரோடு சேர்ந்து இதை அளக்க ஒரு சோதனை செய்தார். அதுதான் க்ராஸ்-வெபர் டெஸ்ட்.

3/ மொத்தம் ஆறே அசைவுகள். மல்லாக்கப் படுத்து எழுந்து உட்காருவது, கால்களைத் தூக்கி 10 நொடி நிறுத்துவது, குப்புறப் படுத்து மார்பைத் தூக்குவது, முழங்கால் மடக்காமல் குனிந்து தரையைத் தொடுவது... இப்படி. ஒன்றில் தவறினாலும் ஃபெயில்!

4/ 1950களின் தொடக்கத்தில் க்ராஸும் உடற்பயிற்சி ஆசிரியை பானி ப்ரூடனும் இதைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்கக் குழந்தைகளில் பாதிக்கும் மேல் ஃபெயில், சுமார் 58%. ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்துக் குழந்தைகளில் 9% கூட இல்லை. கார், டிவி என வசதியில் வளர்ந்ததுதான் காரணம் என்றார் க்ராஸ்.

5/ 1955 ஜூலையில் வெள்ளை மாளிகை விருந்தில் இதைக் கேட்ட அதிபர் ஐசனோவர் அதிர்ந்துபோனார். அடுத்த வருடமே இளைஞர் உடல்தகுதிக்கு ஒரு கவுன்சில் அமைத்தார்.

6/ இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். அமெரிக்கக் குழந்தைகள் அதிகம் தவறியது, குனிந்து தரையைத் தொடுவதில். வளரிளம் பருவத்தில் முதலில் கால்தான் நீளும், உடற்பகுதி பின்னாடிதான் வளரும். அந்தச் சமயத்தில் விரல் தரைக்கு எட்டுவது கடினமாகலாம். பெண் குழந்தைகள் பொதுவாக நன்றாக வளைவார்கள், பையன்கள் தடுமாறுவார்கள். இரண்டு பக்கமும் அதே வயதுக் குழந்தைகள்தான், அதனால் இடைவெளி பொய்யில்லை. ஆனால் 6 வயதுக்கும் 16 வயதுக்கும் ஒரே கோடு போட்டால், ஒரு தனிக் குழந்தையை "வீக்" என்று முத்திரை குத்திவிடுவோம்.

7/ பிறகு நடந்தது வேறு. 1957-58ல் வந்த புது தேசிய சோதனையில் ஓட்டம், தாண்டுதல், பந்தெறிதல்தான் பெரும்பகுதி. "இந்த உடம்பு தன்னைத் தானே தாங்குதா?" என்ற கேள்வி, "யார் ஃபர்ஸ்ட்?" என்று மாறிப்போச்சு.

8/ இன்று நமக்குத் தெரிவது என்ன? பருவமடையும் முன் ஆண், பெண் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலையில் பெண் குழந்தைகள் பெரும்பாலும் ஒரு படி முன்னாடிதான்.

9/ பருவமடைந்தபின் பையன்களுக்கு ஹார்மோனால் தசை தானாகக் கூடும். பெண்களுக்கு உயரமும் எடையும் கூடும். பலம் அதே வேகத்தில் கூடாது. அதனால் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயும். கால்பந்து, கூடைப்பந்தில் டீன் ஏஜ் பெண்களுக்கு முழங்கால் ஜவ்வு அதிகம் கிழிவதற்கு இதுவும் ஒரு காரணம். வயிறு, இடுப்புத் தசைப் பயிற்சியும், சரியாகக் குதித்து இறங்கும் பயிற்சியும் இதைக் கணிசமாகக் குறைக்கும்.

10/ ஆனா நம்ம வீடுகள்ல என்ன செய்றோம்? "பெரிய மனுஷி ஆயிட்டா, இனி என்ன விளையாட்டு?" என்று அதே வயதில்தான் நிறுத்துறோம். பயிற்சி அதிகம் தேவைப்படும் நேரத்தில் மைதானத்தையே பறித்துவிட்டு, பிறகு "பொண்ணுங்க உடம்பே வீக்"ன்னு சொல்றோம்.

மகள் விளையாடட்டும். மகன் குனிந்து நிமிரட்டும். இரண்டு பேரையும் ஒப்பிடாதீங்க. போன மாசம் முடியாதது இந்த மாசம் முடியுதான்னு மட்டும் பாருங்க.