முதல் கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? கம்மி பட்ஜெட்டில் ஏமாறாமல் வாங்குவது எப்படி?

பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாச்சு. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும், ஆனா கையில் பணம் கம்மி. இந்த நேரத்தில் பலரும் செய்யும் தவறு, கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த புது லேப்டாப்பை வாங்கிவிடுவது. சில மாதங்களிலேயே அது திணற ஆரம்பித்தால், போட்ட பணம் வீண். அதனால் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

தினமும் கல்லூரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்றால் லேப்டாப்தான். வீட்டிலேயே இருக்கும் என்றால் டெஸ்க்டாப் லாபம். கீபோர்டு போனால் கீபோர்டை மட்டும் மாற்றலாம். ரேமை பின்னாடி கூட்டிக்கலாம். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. வீட்டில் ஹெச்டிஎம்ஐ டிவி இருந்தால், போர்ட் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு, இப்போதைக்கு அதையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாம்.

எதில் சிக்கனம் கூடாது?

ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி. இதற்குக் கீழே இறங்காதீங்க. விண்டோஸ் 11-க்கு குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ் போதும் என்கிறது மைக்ரோசாஃப்ட். ஆனால் அது கம்ப்யூட்டர் ஓடுவதற்கான அளவு. ஆன்லைன் கிளாஸ், பத்து டேப், ஒரு பிராஜெக்ட் ஃபைல் என எல்லாம் ஒண்ணா திறந்தால் பத்தாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமா வாங்கலாம். அலுவலகங்கள் சில வருடம் பயன்படுத்திய டெஸ்க்டாப்கள், சரிபார்க்கப்பட்டு ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும்.

ஆனால் 'ஐ5' என்று மட்டும் சொன்னால் நம்பி வாங்காதீங்க. அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்க. ஐ5-6500 என்றால் 6-வது தலைமுறை, ஐ5-8500 என்றால் 8-வது தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டும் என்றால், இன்டெல்லில் 8-வது தலைமுறை அல்லது அதற்கு மேல் வாங்குவதே பாதுகாப்பு.

பணம் கொடுக்கும் முன்...

* கடையிலேயே ஆன் செய்து, எல்லா யுஎஸ்பி போர்ட்டையும் சோதியுங்கள்.
* வைஃபை இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய டெஸ்க்டாப்கள் பலவற்றில் இருக்காது.
* செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கம் போய், விண்டோஸ் ஒரிஜினலா என்று பாருங்கள்.
* வாரன்டியை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.
* டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கரண்ட் போனால் வேலையை சேவ் செய்ய அதுதான் கை கொடுக்கும்.

சாஃப்ட்வேர் செலவு?

உபுண்டு, லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆபீஸ் எல்லாமே இலவசம். கட்டுரை எழுத, கணக்குப் போட, இன்டர்நெட் பார்க்க இவை போதும். பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் சாஃப்ட்வேர் தேவையா என்று கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மொத்தத்தில், கடைக்காரரிடம் மூணே கேள்வி: ரேம் எவ்வளவு? எஸ்எஸ்டி இருக்கா? எந்த தலைமுறை? பதில் தெளிவாக வரவில்லை என்றால், அடுத்த கடைக்குப் போங்க!